கிளீனரும் அன்இன்ஸ்டாலரும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் கணினி, அலுவலகக் கணினிகள், சொந்தக்காரர்கள் "ஸ்லோவா இருக்கு, பாருங்க" என்று கொடுப்பவை என எல்லாவற்றிலும் பல வருடமாக, தேவையற்ற ஃபைல்களை அழிக்கும் கிளீனரையும் மென்பொருள்களை நீக்கும் அன்இன்ஸ்டாலரையும் பயன்படுத்தி வருகிறேன். டெம்ப் ஃபைல், பிரவுசர் கேஷ், ரீசைக்கிள் பின் ஆகியவற்றைக் காலி செய்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டெம்ப் ஃபைலையும் ரீசைக்கிள் பின்னையும் விண்டோஸ் 10, 11-இலேயே உள்ள ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதி காலி செய்துவிடும்; பிரவுசர் கேஷை பிரவுசரின் செட்டிங்ஸிலேயே அழிக்கலாம்.

ஆபத்து அடுத்த கட்டத்தில்தான். மென்பொருளை நீக்கியதும் அன்இன்ஸ்டாலர் 'மிச்சம்' தேடக் கிளம்பும். எது மிச்சம் என்பதை அது பெரும்பாலும் மென்பொருளின் பெயர், நிறுவனத்தின் பெயர், கோப்புறை இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறது. ஒரு கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பை எடுத்தபோது, மிச்சப் பட்டியலில், மென்பொருள்கள் தங்கள் தரவை வைக்கும் 'புரோகிராம் டேட்டா' கோப்புறைக்குள் அந்த நிறுவனத்தின் பெயரிலிருந்த கோப்புறை முழுசாக வந்து நின்றது. திறந்து பார்த்தால், புதிய பதிப்பின் லைசன்ஸ் ஃபைல், டேட்டா, பேக்கப் எல்லாம் அதற்குள்தான். பக்கத்திலேயே 'செலக்ட் ஆல்' பட்டன். அவசரத்தில் இருப்பவர் அதைத்தான் அழுத்துவார்.

இன்னொன்று, விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' கோப்புறை. பல ஜிபி இடம் பிடிப்பதால் சில கருவிகள் இதிலும் கை வைக்கின்றன. நிறுவிய மென்பொருள்களின் எம்எஸ்ஐ (நிறுவும் ஃபைல்), எம்எஸ்பி (அப்டேட் ஃபைல்) ஆகியவை இருப்பது இங்கேதான். அவை போய்விட்டால் மென்பொருள் அப்போதைக்கு ஓடும். பிறகு ஒரு நாள் அப்டேட் வரும்போது, அந்த எம்எஸ்ஐ எங்கே என்று கேட்டு நிற்கும். அப்டேட்டும் ஆகாது, ரிப்பேரும் ஆகாது, நீக்கவும் முடியாது. சுத்தம் செய்து நாளாகியிருப்பதால் யாருக்கும் காரணம் பிடிபடாது. அலுவலகத்தில் இப்படி ஒரு கணினியோடு மல்லாடியிருக்கிறேன்.

விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி; அதைச் சுத்தம் செய்யும் ரெஜிஸ்ட்ரி கிளீனரால் வேகம் கூடியதை நான் எந்தக் கணினியிலும் பார்த்ததில்லை. சிவப்பு எழுத்தில் நூற்றுக்கணக்கில் அது காட்டும் 'பிழை'கள் சேர்ந்து பிடிக்கும் இடம் அற்பம். இவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. கிளீனர் எடுத்து வைக்கும் பேக்கப்பை நம்பலாமே என்பார்கள். விண்டோஸே ஏறவில்லை என்றால் அந்த ஃபைலை எங்கே போய் டபுள் கிளிக் செய்வது? ரெஸ்டோர் பாயின்ட் (விண்டோஸ் தன் பழைய நிலையைச் சேமித்து வைப்பது) இருந்தால் ரிக்கவரி திரையிலிருந்தாவது திரும்பலாம்.

இவை எல்லாமே அட்மின் உரிமையோடு ஓடுபவை என்பதையும் யோசிக்க வேண்டும். 2017-இல் சிசிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் 5.33 பதிப்பு, அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு, உள்ளே மால்வேருடன் சுமார் ஒரு மாதம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு இருந்தது. சரியான இடத்திலிருந்து டவுன்லோட் செய்தவர்களுக்குத்தான் அந்த கதி.

இப்போது என்னிடம் இருப்பது போர்ட்டபிள் (நிறுவாமலே ஓடும்) அன்இன்ஸ்டாலர் ஒன்று மட்டும். மென்பொருளின் சொந்த அன்இன்ஸ்டாலர் உடைந்து, மைக்ரோசாஃப்டின் டிரபுள்ஷூட்டரும் கைவிட்டால்தான் அதை எடுப்பேன். முதலில் ரெஸ்டோர் பாயின்ட். பிறகு மிச்சப் பட்டியலில் ஒவ்வொரு கோப்புறையையும் திறந்து பார்த்து டிக் செய்வேன். பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் 'காமன் ஃபைல்ஸ்' கோப்புறை பாதையில் வந்தால் தொடுவதில்லை. ரெஜிஸ்ட்ரி வரிகளை அப்படியே விட்டுவிடுகிறேன். அவற்றால் இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை.