டீம் ஃபோர்ட்ரஸ் 2: எல்லாம் சரி, அந்த கிரிட்டை மட்டும் எடுத்துவிடக் கூடாதா?

ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, டீம் ஃபோர்ட்ரஸ் 2 இப்பவும் ஆடலாமா? என் பழைய லேப்டாப்பில் ஓடுமா?" ஓடும். 2007இல் வந்த ஷூட்டர் கேம், 2011 ஜூனிலிருந்து இலவசம். ஒன்பது வகை ஆட்கள், இரண்டு அணி, கார்ட்டூன் முகங்கள் எல்லாம் அவனுக்கே தெரியும். ரேண்டம் கிரிட் (கிரிட்டிக்கல் ஹிட், அதாவது குருட்டு அதிர்ஷ்டத்தில் விழும் பேரடி) பற்றித்தான் தெரியாது. பல வருடமாக ஆடியும் எனக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை.

நாம் துப்பாக்கியை அழுத்தும்போது கேம் உள்ளுக்குள் ஒரு குலுக்கல் போடுகிறது. சீட்டு விழுந்துவிட்டால் அடி மும்மடங்கு. சோல்ஜரின் ராக்கெட் பட்டால் கிட்டத்தட்ட 90 புள்ளி ஹெல்த் போகும். கிரிட் என்றால் 270. மெடிக்கின் ஹெல்த் 150, ஸ்கவுட்டுக்கு 125, சோல்ஜருக்கே 200தான். மெடிக் ஏற்றிவிட்ட கூடுதல் ஹெல்த் இல்லையென்றால், 300 வைத்திருக்கும் ஹெவி ஒருவன்தான் 30 மிச்சத்தோடு நிற்பான். தூரம் கூடினால் அடி குறையும் என்று மற்ற குண்டுகளுக்கு ஒரு விதி உண்டு. கிரிட்டுக்கு அதுவும் கிடையாது.

நான் பெரும்பாலும் மெடிக், அணிக்கு ஹெல்த் ஏற்றும் ஆள். உபர்சார்ஜ் (சில விநாடி எந்த அடியும் படாமல் காக்கும் சக்தி) முழுதாக ஏற, அடிபட்டவனுக்கே ஹெல்த் ஏற்றிக்கொண்டிருந்தாலும் 40 விநாடி ஆகும். கூடவருபவன் கூடுதல் ஹெல்த்தோடு கொழுகொழுவென்று நின்றால் 80 விநாடி. நேற்று ராத்திரி 97 சதவீதம் ஏறிவிட்டது. ஹெவியின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி, ஸ்பை வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சோல்ஜர் சும்மா ஒரு ராக்கெட்டை விடுகிறான். அது மின்னிக்கொண்டே வருகிறது, சத்தமும் வேறு மாதிரி. அவ்வளவுதான். திரை அப்படியே உறைந்து அவன் முகத்தைப் பெரிதாகக் காட்டியது. எங்கள் மூலைப் பக்கம் அவன் பார்வைகூட இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், "புதுசா வர்றவனுக்கும் ஒரு சான்ஸ் வேணும்ல" என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான ஆயுதங்களுக்கு அடிப்படை வாய்ப்பு 2 சதவீதம். கடைசி 20 விநாடியில் எதிரிக்கு எவ்வளவு அடி கொடுத்தோமோ அதற்கேற்ப இது ஏறும். 800 புள்ளி அடி கொடுத்தவனுக்கு 12 சதவீதம். கைச்சண்டை ஆயுதமென்றால் 15இல் தொடங்கி 60 வரை போகும். 20 விநாடியில் 800 அடி கொடுப்பவன் யார்? நேற்று கேமை இறக்கிய பையனா? ஏற்கெனவே நம்மைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருப்பவன்தான். புதியவன் தன் 2 சதவீதத்தோடு மறுபடி பிறக்கக் காத்திருக்கிறான்.

அதிர்ஷ்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பப்ஜியில் அடுத்த பாதுகாப்பான இடத்தைக் காட்டும் வெள்ளை வட்டம் எங்கே விழும் என்பதும் அதிர்ஷ்டம்தான். ஆனால் வட்டம் முதலில் விழுகிறது. வண்டி எடுத்து ஓடுவதா, ஓரத்திலேயே பதுங்குவதா என்பதை அப்புறம் நாம்தான் முடிவு செய்கிறோம். ரம்மியில் கை மோசமாக வந்தால் டிராப் சொல்லிவிட்டு உட்காரலாமே, அந்த மாதிரி. கிரிட்டில் எல்லாம் தலைகீழ்: குறிபார்த்து, ஒளிந்து, நேரம் கணித்து நாம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகு பகடை உருள்கிறது. அதற்கு என்ன பதில் ஆட்டம் ஆட முடியும்?

இதே கேமில் நியாயமான கிரிட்டும் இருக்கிறது என்பதுதான் இன்னும் எரிச்சல். ஸ்னைப்பர் ஸ்கோப்பில் பார்த்துத் தலையில் சுட்டால் கிரிட். ஸ்பை முதுகில் குத்தினால் சாவு. இரண்டிலும் குலுக்கல் கிடையாது. செத்தாலும் "நல்லா ஆடினான்" என்று ஒத்துக்கொள்ளத் தோன்றும். போட்டி ஆட்டங்களில் ரேண்டம் கிரிட்டை அணைத்துவிடுவார்கள். 2016 ஜூலையில் கேமுக்குள்ளேயே வந்த போட்டி முறையிலும் அது கிடையாது. சர்வரில் ஒரே வரி கட்டளை போட்டால் போதும், அணைந்துவிடும். பொது ஆட்டத்தில் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிரிட் இல்லாத சர்வர்களிலும் ஆடியிருக்கிறேன். ஆட்டம் சுத்தமாக இருக்கும், கொஞ்சம் இறுகிப்போயும் இருக்கும். நல்ல ஹெவியும் நல்ல மெடிக்கும் ஒரு குறுகிய வழியில் நின்றுவிட்டால் உபர் ஏறும்வரை யாரும் அசைவதில்லை. கிரிட் இருந்தால் அந்தப் பூட்டு சட்டென்று உடையும். அப்புறம் வறுசட்டி, இதில் அதுவும் ஒரு கைச்சண்டை ஆயுதம். யாரும் ஜெயிக்க நினைக்காத ஏதோ ஒரு ராத்திரியில் இரண்டு அணியும் துப்பாக்கியை விட்டுவிட்டு வறுசட்டியோடு ஓடிவந்து மோதும். டங்கென்று ஒரு கிரிட் அடி, முழு ஹெல்த்தோடு நின்றவன் பொம்மை மாதிரி பறப்பான். மைக்கில் முன்பின் தெரியாத நாலு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேறு எந்த ஷூட்டரிலும் செத்துவிட்டு நான் இப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு வந்தது அதே குலுக்கலால்தான், அதையும் மறைக்க முடியாது.

2020 வாக்கில் தொடங்கிய பாட் (ஆளில்லாமல் தானே ஆடும் ஏமாற்று நிரல்) தொல்லை 2024 நடுவிலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தக் கவலை வேண்டாம்.

ஆக, நான் ஆடியதிலேயே ஆட்களை இவ்வளவு அழகாக வடிவமைத்த ஷூட்டர் வேறு இல்லை. ஐந்துக்கு இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். அந்த 97 சதவீதம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. தம்பி, நீ இறக்கு. முதல் மாதம் கிரிட் அணைத்த சமூக சர்வராக (ஆடுபவர்களே நடத்துவது) தேடிப் போ, எதனால் செத்தோம் என்பதாவது புரியும். சோல்ஜரில் தொடங்கு. மெடிக் மட்டும் எடுக்காதே, அது என் இடம்.