டெல்லி வகுப்பறைக்கு வாங்கிய மண்டையோட்டு செட்

ஆர்.கே.புரத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 2023-ல் வந்த என்சிஇஆர்டி புத்தகத்தில் பரிணாமம் இல்லை. இனி பன்னிரண்டில் உயிரியல் எடுப்பவர்களுக்குத்தான். அதனால் கைக்காசு போட்டு இந்த ரெசின் செட்டை வாங்கினேன்: சிம்பன்சி, அழிந்துபோன நம் பழைய உறவினர்களான ஆஸ்ட்ரலோபிதெகஸ், ஹோமோ எரெக்டஸ், நியாண்டர்தால், கடைசியில் நாம்.

வார்ப்பு அருமை. தண்டுவடம் நுழையும் துளை சிம்பன்சிக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது, ஆஸ்ட்ரலோபிதெகஸுக்கு முன்னால் வந்துவிட்டது. விரல் வைத்தாலே தெரிகிறது. துளை முன்னால் வந்தால் தலை முதுகெலும்பின் மேல் நேராக உட்காரும், அதாவது நிமிர்ந்த நடை. ஆனால் மண்டை இன்னும் சின்னதுதான். மூளை பெருகும் முன்பே நிமிர்ந்து நடந்துவிட்டார்கள் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள். கொடுத்த காசுக்கு அதுவே போதும்.

கூட வந்த சார்ட்தான் கழுத்தறுப்பு. குரங்கு குனிந்து வர, கடைசியில் மனிதன் நிமிர்ந்து போகும் அதே ஊர்வலம்! "மிஸ், அப்போ இந்தச் சிம்பன்சி ஏன் இன்னும் மாறல?" என்று ஒருத்தன் கேட்காமல் இருப்பானா? அது நம்ம பாட்டன் இல்லடா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லி, சுமார் 60-70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பொது மூதாதையிலிருந்து போர்டில் கிளை பிரித்துக் காட்டினேன். சார்ட் இப்போது பீரோ மேல் கிடக்கிறது.

அரை அளவு மாடல், உள்ளே கெட்டி. கடுகு கொட்டி மூளையின் கொள்ளளவு அளக்க நினைப்பவர்கள் உள்ளீடற்ற முழு அளவு செட்டாகக் கேளுங்கள். நியாண்டர்தால் தாடை கழன்றால் ஃபெவிக்விக் பிடிக்கிறது.