அம்மாவுக்கு ஆபரேஷன்: எந்த லீவு கேட்பது?

தனியார் வேலையில் வீட்டாரின் சிகிச்சைக்கென்று தனி லீவு நம் சட்டத்தில் கிடையாது. இருப்பதில் எதைக் கேட்பது என்பது, எங்கே வேலை என்பதைப் பொறுத்தது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் ஜவுளிக்கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கேஷுவல் லீவுதான் முதல் துணை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, நியாயமான எந்தக் காரணத்துக்கும் சம்பளத்தோடு 12 நாள் உண்டு. முதல் வருடமே கேட்கலாம். இன்னொரு 12 நாள் சிக் லீவு சொந்த உடம்புக்கு மட்டும். இரண்டையும் குழப்பி, "சுகமில்லாதது உனக்கா?" என்று கேட்டே கேஷுவலையும் மறுப்பார்கள். அதனால் விண்ணப்பத்தில் 'கேஷுவல் லீவு' என்றே எழுதுங்கள். ஒரு வருடம் முடித்தவருக்கு மேற்கொண்டு 12 நாள் சம்பள விடுமுறையும் உண்டு.

முந்திரி ஆலையில் கைகொடுப்பது ஈட்டிய விடுப்பு: 20 நாள் வேலைக்கு 1 நாள். அதற்கு ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 ஆக்கியது. வருடம் முழுக்க வேலை ஓடாத ஆலைகளில் இந்த 60 நாள் லேசுப்பட்டதல்ல.

பலர் சறுக்குவது இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில். உங்களைச் சார்ந்திருக்கும் அம்மாவுக்கு அங்கே வைத்தியம் கிடைக்கும். ஆனால் 91 நாள் வரை வரும் 70 சதவீதப் பணம், அட்டைக்காரரே படுத்தால் மட்டும்தான். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் அம்மா கிடக்க, மகள் பெயரில் சர்டிபிகேட் வாங்குவது தண்டனைக்குரிய குற்றம்.

தபால், ரயில்வே பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள். முதல் 365-க்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். பெரிய சலுகைதான், ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத்தான் (மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பில்லை). அம்மாவுக்கென்றால் அவர்களும் ஈட்டிய விடுப்பு, அரைச்சம்பள விடுப்பு, கேஷுவல் லீவு என்று இருப்பதைத்தான் கரைக்க வேண்டும்.

சம்பளமில்லா லீவு கடைசிப் புகலிடம். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் துணைக்கிருந்தால் சம்பளம் மட்டுமா போகும்? ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் அரையாண்டில் 78 நாள் இஎஸ்ஐ சந்தா சேராவிட்டால், பின்னால் நீங்களே படுத்தாலும் இஎஸ்ஐ பணம் வராது. ஏற்கெனவே வேலைநாள் குறைந்த அரையாண்டென்றால் கணக்குப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். பல ஆலைகளின் நிலையாணைப்படி (வேலை விதிகளின்படி), லீவு முடிந்து 8 நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை உரிமையே போகும். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது பின்னால் நிற்காது. இரண்டு பிரதி எழுதி, அட்மிஷன் தேதியுள்ள ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலைச் சேர்த்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போடமாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். லீவை நீட்டுவதானால், முதல் லீவு முடியும் முன்பே அடுத்த கடிதம் போய்ச் சேர வேண்டும்.