மூக்குச் சதை ஆபரேஷன்: பண்ணி வருடக்கணக்கான பிறகு ஒரு புலம்பல்

போன வாரம் நண்பன் ஒருவன் தன்னுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, "ரெண்டு பக்கமும் டர்பினேட் வீங்கியிருக்குன்னு போட்டிருக்காங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்கிறார் டாக்டர், நீ பண்ணிக்கிட்டியே, நிஜமாவே பிரயோஜனம் இருக்கா?" என்று கேட்டான். டர்பினேட் என்பது மூக்குக்குள் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும், சதை மூடிய சின்ன எலும்பு. போனில் அவனிடம் கத்தியது போதாமல் இங்கேயும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போய்விடும். வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன். காலையில் தொண்டை காய்ந்து எழுந்திருப்பது போயே போச்சு. சாப்பிடும்போது மென்றுகொண்டே மூச்சு விட முடிகிறது. மூக்கு அடைத்தே வளர்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும், ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் மெல்லுவதை நிறுத்தி வாயால் மூச்சு வாங்கிய ஆள் நான். ரசத்துக்குத் தாளிக்கும்போது பெருங்காய வாசம் ஹால் வரைக்கும் வரும் என்பதே ஆபரேஷனுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

எனக்கு மூக்குத்தண்டும், அதாவது இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரும், வளைவு. தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் இடம் கூடுகிறது, அந்தப் பக்கத்து டர்பினேட் பெருத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. அதனால் தண்டை நேராக்கியதோடு இதையும் குறைத்தார்கள். மேல்சவ்வைத் தொடாமல் அடியில் இருக்கும் சதையை மட்டும் மைக்ரோடிபிரைடர் என்கிற சுழலும் கத்திக் கருவியால் சுரண்டி உறிஞ்சி, எலும்பை ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவது எனக்குச் செய்த முறை. ரேடியோஃப்ரீக்வென்சி, கோப்லேஷன் என்று மின்சாரத்தால் சதையைச் சுருக்குகிற முறைகளும் உண்டு. எதுவானாலும் சரி, யாராவது டர்பினேட்டை முழுசாக வெட்டி எடுத்துவிடலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நம் ஆட்கள் மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று பாலிப்பையும் இதையும் ஒரே கணக்கில் சேர்க்கிறார்கள். பாலிப் என்பது மூக்குச் சவ்வில் புதிதாக முளைக்கும் சதைக்கட்டி, இருக்கவே கூடாதது. டர்பினேட் எல்லோருக்கும் பிறப்பிலேயே இருப்பது, உள்ளே போகிற காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தூசியைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் மூக்கு தாராளமாகத் திறந்திருந்தும் மூச்சே போகாததுபோல் சிலர் தவிக்கிறார்கள், எம்ப்டி நோஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். காற்று போகிறது என்பதை நமக்குச் சொல்வதே அந்தச் சவ்வில் படும் குளிர்ச்சிதானே. தைலம் தடவியதும் மூக்கு திறந்த மாதிரி இருப்பதும் இதனால்தான், உள்ளே அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

ஆபரேஷன் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மயக்கம் கொடுத்தார்கள், எழுந்தேன். மூக்கில் அடைத்த பஞ்சை உருவும்போது வலியைவிட, இவ்வளவு நீளம் எப்படி உள்ளே இருந்தது என்ற ஆச்சரியம்தான் அதிகம், கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. இதை யாருமே ஒழுங்காகச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் கழுவுங்க" என்றார்கள். உள்ளே பொருக்கு கட்டும், புண் ஆறும்வரை கழுவ வேண்டும், அதுவரைக்கும் நியாயம். ஆறிய பிறகும் ஏசி அறையில் ஒரு இரவு படுத்தால் காலையில் மூக்கு காய்ந்து பொருக்கு கட்டிவிடுகிறது, மார்கழிப் பனி வந்தால் கேட்கவே வேண்டாம், ஆக இன்றுவரை கழுவிக்கொண்டிருக்கிறேன். கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. உப்பில்லாமல் விட்டால் மண்டைக்குள் சுரீர் என்று ஏறும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடக்கூடாது, கொதிக்க வைத்து ஆறவைக்க வேண்டும். 2024-ல் கேரளாவில் ஆற்றிலும் குளத்திலும் குளித்த பிள்ளைகள் மூளைக்காய்ச்சலில் இறந்தார்களே, அதற்குக் காரணமான அமீபா என்கிற கிருமி மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, குடித்தால் ஒன்றும் செய்யாது. ஆக தினமும் வீட்டில் எனக்கென்று ஒரு பாத்திரம் அடுப்பில். "காபிக்கா, மூக்குக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா மூடியையே திறப்பார்.

கழுவுவதுகூடப் பரவாயில்லை. கழுவி, சிந்தி, துடைத்து, சட்டை மாற்றிக் கிளம்பிய பிறகும் எங்கேயோ ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீர் ஒளிந்திருக்கும், அது குனியும்போதுதான் வெளியே வரும். ஒரு கல்யாணத்தில் பெரியப்பா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கப் போய், அவர் பாதத்தில் பொலபொலவென்று உப்புத்தண்ணீர் கொட்டியது. நான் நெகிழ்ந்து அழுகிறேன் என்று நினைத்துத் தூக்கி அணைத்துக்கொண்டார். விளக்கம் சொல்லப் போனால் இன்னும் கேவலம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

தும்மல் அப்படியேதான் இருக்கிறது. பரணைத் துடைத்தால் வரிசையாகத் தும்மல், பழைய பெட்ஷீட்டை உதறினால் தும்மல். கத்தி அலர்ஜியை எடுக்காது, அலர்ஜி வீங்கவைத்த சதையைக் குறைக்கும், அவ்வளவுதான். அலர்ஜி தொடர்ந்தால் சதை மறுபடியும் பெருக்கலாம் என்பதால் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயையும் நிறுத்தவில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் மந்தமாகி மறுபக்கம் திறப்பதும் நடக்கிறது. அது நோயே இல்லை, மூச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சரம் பார்ப்பவர்கள் காலங்காலமாகச் சொல்வதுதான், முன்பு இடமில்லாததால் அடைப்பாகத் தெரிந்தது, இப்போது பாதி நேரம் கவனிப்பதே இல்லை.

நண்பன் விஷயத்துக்கு வருவோம். அவன் தலையணைக்கடியில் மூக்கடைப்பை உடனே திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து இல்லாமல் தூங்கமாட்டான், மாதக்கணக்காக. அது சில நாளுக்கு மேல் போடக்கூடாத மருந்து, வேகம் இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி போடச் சொல்லும். இதை நிறுத்தாமல் எடுத்த ஸ்கேனில் டர்பினேட் வீங்காமல் வேறென்ன செய்யும்? டாக்டரிடம் இதைச் சொன்னாயா என்றால், "கேக்கலையே" என்கிறான். போய்ச் சொல், நிறுத்து, சில வாரம் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஒழுங்காக, நடுச்சுவரில் அடிக்காமல் காதுப்பக்கம் சாய்த்து அடித்துப் பார், இன்சூரன்ஸிலும் மூக்குத்தண்டு ஆபரேஷனுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு போட்டிருக்கிறார்களா என்று பார், இப்போதைக்குப் பண்ணாதே என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப உனக்கு மறுபடி வளர்ந்தா?" என்றான்.

அடுத்த வாரமே போய்ப் படுத்துக்கொள்வேன். அது வேறு.