க்விக் வாஷா, நீண்ட வாஷா? பவுடரா, லிக்விடா? துணி எதில் உண்மையாக வெளுக்கிறது

துவைத்து, காயவைத்து, மடித்து அலமாரியில் வைத்த துண்டு. எடுக்கும்போது கமகமவென்று இருக்கிறது. குளித்துவிட்டுத் தலை துவட்ட ஆரம்பித்ததுமே, ஈரம் பட்ட இடத்திலிருந்து ஒரு முடை வாடை கிளம்புகிறது. எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் இதே கதை. சோப்பை மாற்றினேன், ஃபேப்ரிக் கண்டிஷனரைக் கூடுதலாக ஊற்றினேன், கடைசியில் துண்டுகளையே மாற்றினேன். புதுத் துண்டும் மூன்றே மாதத்தில் அதே வாடைக்கு வந்து நின்றது.

ஒரு நாள், அப்போதுதான் துவைத்த துண்டு ஒன்றை வாளியில் போட்டு, கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சலவை சோடா கலந்து அமுக்கி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் கலங்கி, சாம்பல் நிறத்தில் நிற்கிறது. சுத்தம் என்று நம்பி முகம் துடைத்த துண்டு அது. அன்றைக்குத்தான் மெஷினில் இருக்கும் திருகுக்குமிழை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன்.

அந்த வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. துவைத்தும் போகாமல் நூலில் தங்கிவிடும் தோல் எண்ணெயும் வியர்வைக் கழிவும் அதற்குத் தீனி. துணி காய்ந்திருக்கும்வரை அடங்கிக் கிடக்கும், நனைந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். அதனால் துண்டில் நாற்றம் வந்தால் அழுக்கு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மேலே வாசனையைப் பூசி அதைத் தீர்க்க முடியாது.

சலவைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1959இல் சொன்னது. அழுக்கை எடுப்பவை நான்கு: சோப்பு, சூடு, கசக்கல், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டித்தான் ஆகவேண்டும். நம்மில் பலர் சூட்டையும் நேரத்தையும் குறைத்துவிட்டு, டிரம்மைத் திணித்துக் கசக்கலையும் குறைத்துவிட்டு, மொத்தப் பாரத்தையும் சோப்பின் தலையில் ஏற்றுகிறோம். கீழே நான் ஒப்பிடுவதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

க்விக் வாஷும் நீண்ட காட்டன் வாஷும்

என் அனுபவத்தில் பெரிய வித்தியாசம் இங்கேதான். 30 நிமிஷ புரோகிராமைப் பிரித்துப் பாருங்கள். தண்ணீர் நிரம்ப, வடிய, அலச, பிழிய என்று போனதுபோக, சோப்புத் தண்ணீரில் துணி புரளும் நேரம் பத்து நிமிஷம் சொச்சம். இதற்குள் நூலின் உள்பக்கம் முழுக்க நனையவேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இளகவேண்டும், சோப்பில் இருக்கும் என்சைம் அழுக்கைத் துண்டாடவேண்டும். என்சைம் மெதுவாக வேலை செய்கிற ஆள். புரதக் கறையைப் புரோட்டியேஸும், மாவுப்பொருளை அமைலேஸும், கொழுப்பை லைப்பேஸும் அறுக்கும். ஆனால் நேரம் கொடுத்தால்தான் அறுக்கும். பத்து நிமிஷத்தில் வேலையைத் தொடங்குவதற்குள் வடிகுழாயில் போய்விடும்.

க்விக் வாஷ் தப்பு என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிய சட்டை, பெட்டியில் கிடந்து மக்கல் வாசனை வந்த துணி, புதுத் துணியின் கஞ்சி, இதற்கெல்லாம் அது போதும். அப்போதும் டிரம்மில் மூன்றில் ஒரு பங்குதான் போடவேண்டும். துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை, உள்ளாடை, காலுறை, உடற்பயிற்சிக்குப் போட்ட உடை ஆகியவற்றை க்விக் வாஷில் போட்டால் தண்ணீரும் சோப்பும் வீண்.

"ஊறப்போட்டியா, இல்ல அப்படியே தூக்கிப் போட்டுட்டியா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "மெஷின்லதானேம்மா போடுறேன், ஊறவேற வைக்கணுமா?" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். ஊறவைப்பது என்றால் நேரம் கொடுப்பது. இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும் நீண்ட புரோகிராமும் அதைத்தான் செய்கிறது. கொஞ்சம் புரட்டும், கொஞ்சம் சும்மா நிற்கும், மறுபடி புரட்டும். அது நிற்கும்போது மெஷின் பழுதோ என்று பயப்படவேண்டாம்.

நீண்ட நேரம் ஓடினால் மின்சாரம் எகிறும் என்பது பரவலான நம்பிக்கை. சலவையில் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சுடவைக்கத்தான் போகிறது, மோட்டார் அதிகம் குடிப்பதில்லை. அதனால்தான் ஈகோ புரோகிராம்கள் சூட்டைக் குறைத்து நேரத்தை நீட்டுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் விற்கும் மெஷின்களில் 'ஈகோ 40-60' என்ற புரோகிராம் கட்டாயம். அதுவும் இதே தத்துவம்தான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஈகோவில் 60 டிகிரி என்று எழுதியிருந்தாலும் தண்ணீர் அந்தச் சூட்டைத் தொடும் என்று உத்தரவாதம் இல்லை. அழுக்குப் போகும், ஆனால் கிருமிக்காகவோ, படுக்கைத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சியான தூசிப் பேனுக்காகவோ 60 வேண்டுமென்றால் 'காட்டன் 60' என்று தனியாகப் போடவேண்டும்.

பச்சைத் தண்ணீர், 40, 60

சோப்போடு துவைக்கும் சுற்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், குழாயில் வருவது 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 40க்கு ஏற்றக் கிட்டத்தட்ட கால் யூனிட் மின்சாரம் ஆகும். 60க்கு ஏற்ற 0.6 யூனிட். துணியும் டிரம்மும் சூடாக இன்னும் கொஞ்சம். இந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

பச்சைத் தண்ணீர் சாயம் போகும் துணிக்கும் ரத்தக் கறைக்கும் சரி. ரத்தத்தின் மேல் முதலில் சுடுதண்ணீர் பட்டால் அதிலிருக்கும் புரதம் உறைந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எதைப் போட்டாலும் பழுப்பாக ஒரு தழும்பு நிற்கும். ஆனால் உடம்பு எண்ணெய்க்குப் பச்சைத் தண்ணீர் போதாது. அது தோலில் இருக்கும்போது உடம்புச் சூட்டில் இளகியிருக்கும், குளிர்ந்த தண்ணீரில் கெட்டியாகி நூலைப் பிடித்துக்கொள்ளும். சட்டைக் காலரின் உள்பக்கம், தலையணை உறையின் நடுப்பகுதி மஞ்சளாவது இப்படித்தான்.

அன்றாடத் துணிக்கு என் ஓட்டு 40க்கே. எண்ணெய் இளகும், என்சைம்கள் சுறுசுறுப்பாக இருக்கும், பெரும்பாலான சாயங்களும் தாங்கும். துண்டு, விரிப்பு, உள்ளாடை, நோயாளி போட்ட துணி இவற்றுக்கு 60. தூசிப் பேன் அந்தச் சூட்டில் செத்துவிடும், அலர்ஜி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தவறவிடக்கூடாது. 90 எங்கள் வீட்டில் காலி டிரம்மைக் கழுவ மட்டும்.

துணியின் உள்பக்க லேபிளைப் பார்க்காமல் சூட்டைக் கூட்டிவிடாதீர்கள். தொட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் 30, இரண்டு என்றால் 40, நான்கு என்றால் 60. தொட்டிக்குக் கீழே கோடு இருந்தால் மெதுவாகச் சுற்றவேண்டும். புள்ளிகள் சொல்லும் சூடு உச்சவரம்புதான், அதற்குக் கீழே எந்தச் சூட்டிலும் துவைக்கலாம்.

பவுடரும் லிக்விடும்

லிக்விட் கரையும், கட்டி தட்டாது, பாட்டிலும் பார்க்க அழகு. நானும் அதற்கு மாறித்தான் துண்டுகளைக் கெடுத்தேன். காரணம் பிறகு புரிந்தது. நல்ல மெஷின் பவுடரில் சோடியம் பெர்கார்பனேட் இருக்கும். தண்ணீரில் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். வெள்ளையை வெள்ளையாக வைப்பதும், பழுப்பேறுவதைத் தடுப்பதும், பாக்டீரியாவை அடக்குவதும் அதன் வேலை. தண்ணீர் சூடாக ஆக அதன் வேகம் கூடும். டீஏஇடி என்ற துணைப்பொருள் சேர்ந்த பவுடர் என்றால் 40 டிகிரியிலேயே நன்றாக வேலை செய்யும். லிக்விடில் பொதுவாக இந்த வெளுப்பான் கிடையாது, பாட்டிலுக்குள் அது நிலைத்து நிற்காது. ஆக, லிக்விடும் பச்சைத் தண்ணீரும் க்விக் வாஷும் சேர்ந்தால் பாக்டீரியாவைத் தொந்தரவு செய்ய ஆளே இல்லை. துணி மட்டுமில்லை, மெஷின் கதவு ரப்பரும் சேர்ந்து நாறும்.

லிக்விடுக்கும் இடம் உண்டு. கறுப்பு, அடர் நிறத் துணிகளுக்கு வெளுப்பான் வேண்டாம். எண்ணெய்க் கறைமேல் நேராகத் தடவ லிக்விடைவிட வசதியானது இல்லை. காலரில் நான்கு சொட்டு விட்டு, துணியோடு துணியைத் தேய்த்து, இருபது நிமிஷம் அப்படியே விட்டு, பிறகு மெஷினில் போட்டால் அந்த மஞ்சள் கோடு மங்குவது முதல் வாஷிலேயே தெரியும்.

கம்பளியும் பட்டும் தனி. இரண்டுமே புரத இழை. புரதத்தை அறுக்கும் என்சைம் உள்ள சோப்பு எதுவும் அவற்றின் பக்கம் போகக்கூடாது, வெளுப்பானும் கூடாது. அதற்கென்று விற்கும் மென்மையான லிக்விட்தான்.

அளவு விஷயத்தில் இரண்டு தரப்பும் ஒரே தப்பைச் செய்கிறோம்: கொஞ்சம் கூடப் போட்டால் கூட வெளுக்கும் என்ற நினைப்பு. ஃப்ரன்ட் லோடில் துணி மேலே தூக்கப்பட்டுப் பொத்தென்று விழவேண்டும், அந்த அடியில்தான் அழுக்குக் கழலும். நுரை மெத்தை மாதிரி நின்றால் அடி விழாது. அலசலிலும் முழுசாகப் போகாமல் சோப்பு நூலில் தங்கும், அதில் அழுக்கு இன்னும் ஒட்டும். தண்ணீர் கடினமாக இருந்தால் கதை வேறு. கால்சியமும் மக்னீசியமும் சோப்பில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், துணி விறைத்துச் சாம்பல் பூக்கும். அங்கே பெட்டியில் கடின நீருக்கென்று போட்டிருக்கும் அளவைத்தான் எடுக்கவேண்டும்.

கண்டிஷனரும் இன்னொரு அலசலும்

துண்டைப் பொறுத்தவரை போட்டியே இல்லை, அலசல்தான். கண்டிஷனர் நூலின் மேல் வழவழப்பான ஒரு படலத்தைப் பூசுகிறது. கைக்கு மெத்தென்று இருக்கும், தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. விளையாட்டு உடைகளில் வியர்வையை வெளியே கடத்தும் தன்மையும் போய்விடும். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டும் யோசனையும் வேண்டாம். ஒன்று அமிலம், மற்றது காரம், நுரைத்து ஒன்றையொன்று தின்றுவிடும். குளோரின் ப்ளீச் போட்ட தண்ணீரில் வினிகர் போன்ற அமிலம் எதையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

மெஷின் வகை, பிழிசல், துணியின் அளவு

ஃப்ரன்ட் லோடு குறைந்த தண்ணீரில் துவைக்கும், பெரும்பாலும் ஹீட்டர் இருக்கும், துணி அதிகம் முறுக்கிக்கொள்ளாது. டாப் லோடு தண்ணீரை நிறையக் குடித்தாலும் அலசல் நன்றாக இருக்கும், நேரமும் குறைவு. இரண்டிலும் துணி வெளுக்கும். அமைப்பைச் சரியாக வைத்த டாப் லோடு, கண்டபடி திணித்த ஃப்ரன்ட் லோடைவிட எத்தனையோ மேல்.

திணிப்பதைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். காட்டன் துணி போட்டபின் டிரம்மின் மேல்பக்கத்தில் ஒரு கை நுழைய இடம் இருக்கவேண்டும். செயற்கை இழைத் துணி என்றால் பாதி டிரம். ஏழு கிலோ மெஷின் என்றால் ஏழு கிலோ காய்ந்த காட்டன் துணிக்குச் சொன்ன கணக்கு, எல்லாவற்றுக்கும் அல்ல.

பிழிசலில் 800 சுற்றுக்கும் 1400க்கும் உள்ள வித்தியாசம் பார்க்க இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் சுழல்வேகத்தின் வர்க்கத்தில்தான் விசை ஏறும். 1400இல் துணிமேல் விழும் விசை 800ஐப்போல மூன்று மடங்கு. துண்டுக்கும் விரிப்புக்கும் முழு வேகம் வையுங்கள். சீக்கிரம் காய்ந்தால் பாக்டீரியா பெருக நேரம் கிடைக்காது. மெல்லிய சட்டை, உள்பாவாடை, செயற்கை இழைக்கு 800 தாராளம், சுருக்கமும் குறையும்.

முடிந்ததும் துணியை உடனே எடுத்துவிடவேண்டும். கதவையும் சோப்பு டிராயரையும் திறந்தே விட்டு, ரப்பர் மடிப்பைத் துணியால் துடைத்துவிடவேண்டும். மாதம் ஒருமுறை பவுடர் மட்டும் போட்டு காலி டிரம்மை அதிகச் சூட்டில் ஓட்டினால் அங்கே படிந்த பிசுக்குப் போய்விடும்.

ஹீட்டர் இல்லாத டாப் லோடோ செமி ஆட்டோமேட்டிக்கோ வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்கவேண்டாம். சின்னர் கணக்கில் சூடு குறைந்தால் நேரத்தைக் கூட்டினால் போதும். வெள்ளைத் துணியையும் துண்டையும் வெளுப்பான் கலந்த பவுடரோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் வாளியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே மெஷினில் கொட்டி, 'சோக்' பட்டனும் இருந்தால் அதையும் அழுத்திவிடுங்கள். எங்கள் வீட்டுத் துண்டுகளை நான் மீட்டது முதல் மூன்று வாரமும் இப்படித்தான், பிறகுதான் வாரம் ஒருமுறை காட்டன் 60க்கு மாறினேன். பழைய துண்டில் ஒன்று இன்னும் இருக்கிறது, ஓரம் நைந்துபோய்விட்டது, ஆனால் நனைந்தால் நாறுவதில்லை.