ஆர்எஸ்-485: டிஇ முனையை யாரிடம் ஒப்படைப்பது?

ஆர்எஸ்-485 கம்பித் தடத்தில் மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) கருவி பதிலே தராமல் டைம்அவுட் ஆகிறது. கேபிளை மாற்றியாயிற்று, டெர்மினேஷன் மின்தடையையும் சோதித்தாயிற்று. ஆசிலோஸ்கோப்பை வைத்த பிறகுதான் தெரிகிறது: செய்தியின் கடைசி பைட் நடுவிலேயே அறுந்திருக்கிறது. அது பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சிஆர்சியின் பாதி. கருவி அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது.

இரண்டு கம்பி ஆர்எஸ்-485 தடத்தில் இரு முனைகளும் அதே கம்பிகளில்தான் மாறி மாறிப் பேசுகின்றன. டிரான்ஸீவரின் (தடத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் சில்லு) டிஇ முனையை ஏற்றினால் அது தடத்தில் அனுப்பும், இறக்கினால் தடத்தை விட்டுவிடும். அதைக் கடைசி ஸ்டாப் பிட் போன பிறகே இறக்க வேண்டும். முந்தினால் மேற்சொன்ன கதி. பிந்தினால் எதிர்முனையின் பதிலில் முதல் பைட் சிதையும். இந்தப் பொறுப்பை நான்கு இடங்களில் வைக்கலாம்.

முதல் இடம், பயன்பாட்டு நிரல். டிஇயோடு இணைத்த ஆர்டிஎஸ் முனையை ஏற்று, எழுது, டிசிடிரெயின் (எழுதியதெல்லாம் வெளியேறும்வரை காத்திருக்கும் அழைப்பு) முடியும்வரை காத்திரு, இறக்கு. 9600 பாட் வேகத்தில் மோட்பஸ் கட்டாயமாக்கும் மூன்றரை எழுத்து இடைவெளி சுமார் 4 மில்லிநொடி. அதனால் மேசையில் இது ஓடிவிடும். கணினிக்கு வேலைப்பளு கூடி, ஷெட்யூலர் (நிரல்களுக்கு முறை ஒதுக்கும் பகுதி) நம் நிரலைத் தாமதமாக எழுப்பும் நாளில் சாயம் வெளுக்கும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, கர்னல் டிரைவர். லினக்ஸில் டிஐஓசிஎஸ்ஆர்எஸ்485 அழைப்பின் மூலம் இதை இயக்கலாம். 8250 எனும் சீரியல் போர்ட் டிரைவரில் மென்பொருள் வழியான ஆதரவும் உண்டு. நுணுக்கமெல்லாம் இங்கேதான். 16550 வகை யூஆர்ட் (பைட்டுகளைப் பிட் பிட்டாக அனுப்பும் சில்லு), அனுப்பக் காத்திருக்கும் வரிசையான ஃபிஃபோ காலியானதும் இன்டரப்ட் தருகிறது. ஆனால் அப்போது பிட்டுகளைக் கம்பியில் தள்ளும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் இன்னும் ஓர் எழுத்து மிச்சமிருக்கும். 9600-இல் அது ஒரு மில்லிநொடிக்கும் மேல். அதுவும் காலியானதைச் சொல்லத் தனி இன்டரப்ட் கிடையாது. நிலை ரெஜிஸ்டரில் ஒரு பிட் மட்டுமே. ஆகவே டிரைவர் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும், அல்லது எழுத்தின் நேரத்தைக் கணக்கிட்டு டைமர் வைக்க வேண்டும். ஒரு குறை: இந்த அழைப்பில் தரும் தாமதங்கள் மில்லிநொடிக் கணக்கில். 115200-இல் ஒரு மில்லிநொடிக்குள் 11 எழுத்துகள் போய்விடும்!

மூன்றாவது, யூஆர்ட் வன்பொருளே டிஇயை இயக்குவது. எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சில்லுகள் பலவற்றில் இது உண்டு. முன்தாமதத்தையும் பின்தாமதத்தையும் ஒரு பிட்டின் 16-இல் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமாக அமைக்கலாம். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் எப்போது காலியாகிறது என்பது அதற்கு நேரடியாகத் தெரியும். டிரைவர் தொடக்கத்தில் அமைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்கே.

நான்காவது, தானே திசை மாற்றும் சுற்று. இயங்குதளத்துக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மலிவான வகைகள் 0-வை மட்டும் அழுத்தமாக அனுப்பி, 1-ஐ மின்தடைகளின் பொறுப்பில் விடுகின்றன. கேபிள் நீண்டால் விளிம்புகள் மழுங்கும்.

பலகை இன்னும் வரைபடமாகவே இருந்தால், டிஇ தடத்தை யூஆர்ட்டின் சொந்த முனைக்கே இழுத்துவிடுங்கள். பலகை வந்து, டிஇ தடம் ஏதோ ஒரு ஜிபிஐஓவில் (பொதுப் பயன்பாட்டு முனை) போய் நின்றால், இரண்டாவது வழிதான்.