சவரக்கத்திக்கு ஒரு பெல்ட் கிரைண்டர்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

பெல்ட் கிரைண்டர் என்றால் உப்புத்தாள் பட்டை சுற்றி ஓடி இரும்பைத் தேய்க்கும் மிஷின். முதலில் வாங்கியது 1 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் உள்ள பெல்ட் ஓடும் சின்ன மிஷின். சமையல் கத்திக்குப் பரவாயில்லை. மடக்குச் சவரக்கத்தி செய்ய உட்கார்ந்த முதல் வாரமே இரண்டு கத்தி சூட்டில் நீலம் பாய்ந்து வீணானது. ஒரே வேகம், அதுவும் தறிகெட்ட வேகம். அதை விற்றுவிட்டு, 2க்கு 72 அங்குல பெல்ட் ஓடும் மிஷினைக் கோவையில் நானே வெல்டிங் வைத்துக் கட்டினேன்.

மோட்டார் 2 எச்பி, த்ரீ ஃபேஸ், 1440 ஆர்பிஎம். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் என்பதால், அதை த்ரீ ஃபேஸாக மாற்றி வேகத்தையும் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி என்ற பெட்டி வழியாக ஓடுகிறது. இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் இந்த அளவு மோட்டார் பெரும்பாலும் உள்ளே காயில்களை ஸ்டார் முறையில் இணைத்து 415 வோல்ட்டுக்கு வரும். 230 வோல்ட் விஎஃப்டிக்கு அந்த இணைப்பை டெல்டா முறைக்கு மாற்ற வேண்டும், அதற்குக் காயில்களின் ஆறு முனையும் வெளியே வந்திருக்க வேண்டும். நான் வாங்கிய பழைய மோட்டாரில் மூன்று ஒயர்தான் வெளியே வந்திருந்தது. காயில் கட்டுபவரிடம் கொடுத்து ஆறு முனையையும் வெளியே இழுத்த பிறகுதான் வேலை நடந்தது. வாங்கும்போதே டெர்மினல் பெட்டியைத் திறந்து எண்ணிவிடுங்கள்.

மோட்டாரில் பூட்டிய 4 அங்குல டிரைவ் வீலில், விஎஃப்டியை 50 ஹெர்ட்ஸில் வைத்தால் பெல்ட் நொடிக்கு சுமார் 7.5 மீட்டர் ஓடுகிறது. 10 ஹெர்ட்ஸில் 1.5 மீட்டர். என் கடைசிக்கட்ட வேலை முழுக்க அந்தக் கீழ் வேகத்தில்தான். 10 ஹெர்ட்ஸில் இந்த மோட்டார் அரை எச்பிகூடத் தராது, ஆனால் சவரக்கத்திக்கு அதற்கு மேல் எதற்கு?

உண்மையில் பணம் போட வேண்டியது கான்டாக்ட் வீலில், அதாவது கத்தியை அழுத்தும் இடத்தில் பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் ரப்பர் சக்கரத்தில். ஆசைப்பட்டு 8 அங்குல வீல் வாங்கினேன், தப்புக் கணக்கு. 6/8 அங்குல (19 மில்லிமீட்டர்) அகலக் கத்தியில் முதுகை விட்டுவிட்டால் குழி விழும் பரப்பு சுமார் 15 மில்லிமீட்டர். அதில் 8 அங்குல வீல் பக்கத்துக்கு 0.28 மில்லிமீட்டர்தான் குழி எடுக்கும், கத்தி ஆப்பு மாதிரியே நிற்கும். 3 அங்குல வீல் அதே இடத்தில் 0.74 எடுக்கும். அப்போதுதான் நகத்தால் அழுத்தினால் வாய்ப்பக்கம் லேசாக வளைந்து கொடுக்கிற ஹாலோ, அதாவது பக்கவாட்டுக் குழிவு, கிடைக்கிறது. சின்ன வீலுக்குத் துணி மெலிந்த ஜே ஃப்ளெக்ஸ் பெல்ட்தான் சரி. கெட்டிப் பெல்ட் போட்டால் ஜாயின்ட் வரும்போதெல்லாம் 'டக் டக்' என்று தட்டி, கத்தியில் வரி வரியாகத் தழும்பு விடுகிறது.

முதல் 3 அங்குல வீல் சரியாக வந்து சேரவில்லை. டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் வட்டத்தில் 0.2 மில்லிமீட்டர் கோணல். விற்றவர் "ரப்பர் சார், தேய்ந்து சரியாகிடும்" என்றார். ஆகவில்லை. அதன் சொந்த பேரிங்கிலேயே பூட்டி லேத்தில் கடைந்த பிறகு அடங்கியது.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்றால், சவரக்கத்தியில் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படுகின்றன. தீட்டும் கோணத்தை நிர்ணயிப்பதே முதுகின் தடிமன்தான். 19 மில்லிமீட்டர் அகலத்துக்கு முதுகு ஏறத்தாழ 5.4 என்றால் கோணம் 16 டிகிரி சொச்சம். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேயவில்லையென்றால் கல்லில் வைத்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் போடுவது ஈஎன்31, அதாவது பேரிங் ஸ்டீல். கடினமாக்கிய பிறகு 200 டிகிரியில் டெம்பர் செய்தது (மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தியது), அதைத் தாண்டிச் சூடானால் பதம் இறங்கும். அதனால் கையுறை கிடையாது. விரல் சுட்டால் நிறுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வாளித் தண்ணீர். மழுங்கிய பெல்ட்டை இன்னும் ஒரு கத்திக்கு என்று ஓட்டிய அன்று வாய் ஓரத்தில் கால் அங்குலம் மஞ்சளாகிப் போனது. பத்து மணி நேர வேலை வீண்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. முதல் விஎஃப்டி மட்டும் எட்டாம் மாதம் இரும்புத் தூசி ஏறிச் செத்தது. இரண்டாவது, தூசி புகாத பெட்டிக்குள் இருக்கிறது. கைப்பிடி மரத்தை இதே மிஷினில் தேய்த்த தூள் கிடந்த வாளியில் தீப்பொறி விழுந்து ஒரு தடவை புகைந்தது. இப்போது வாளியில் தண்ணீர் விட்டுத்தான் ஸ்விட்ச் போடுகிறேன். முகத்தில் மாஸ்க் இல்லாமல் நிற்பதில்லை.

பெல்ட் ட்ராக்கிங், அதாவது வீல்களின் மேல் பெல்ட் ஓடும் தடம், இன்னமும் சூடேறினால் ஒரு நூல் அளவு நகர்கிறது. அதைப் பிடித்திருக்கும் ஆர்மை மறுபடி வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். 8 அங்குல வீல் சுவரில் தொங்குகிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் அரிவாளோடு வந்தால் மட்டும் இறக்குகிறேன்.